கேனே போரை ரோம்: டோட்டல் வார் கணினி விளையாட்டில் மறுபடி நடத்த முடியுமா?

முடியும், ஆனால் அளவு சுருங்கிவிடும். பழைய போர் ஒன்றின் படை, நிலம், அணிவகுப்பு ஆகியவற்றை விளையாட்டுக்குள் அமைத்து, என்ன ஆகிறது என்று ஆடிப் பார்ப்பதுதான் இந்த மறுஉருவாக்கம். 2003-இல் பிபிசியின் டைம் கமாண்டர்ஸ் நிகழ்ச்சியில் போட்டியாளர்கள் இதே விளையாட்டின் மென்பொருளை வைத்துத்தான் பழைய போர்களை நடத்தினார்கள்.

கி.மு. 216-இல் இத்தாலியின் கேனேயில் ரோமர்களோடு மோதிய ஹன்னிபால் (வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி) தன் நடுவரிசையை வில் போல முன்னால் தள்ளி நிறுத்தினார். ரோமர்கள் அதை நெட்ட நெட்ட, அது மெல்லப் பின்வாங்கியது. உள்ளே வந்தவர்களை இருபுறமும் ஆப்பிரிக்கக் காலாட்படை நெருக்க, குதிரைப்படை பின்பக்கத்தை அடைத்தது. கூட்டமான பஸ்ஸில் நடுவில் மாட்டினால் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையைக்கூட எடுக்க முடியாதல்லவா? ரோம வீரனுக்கு வாளை ஓங்கவே இடமில்லாமல் போனது.

விளையாட்டில் சிரமம் இந்தப் பின்வாங்கலில்தான். ஒரு அணியைத் திரும்பி நடக்கச் சொன்னால் அது முதுகைக் காட்டும், அடி வாங்கும், மனவுறுதி குலைந்து ஓடியே போய்விடும். அதனால் நடுவில் நல்ல அணிகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, முன்வரிசை தானாகத் தேயும்வரை காத்திருங்கள். குதிரைகளைச் சீக்கிரம் அனுப்பிவிடாதீர்கள் (நான் முதல் மூன்று தடவை கோட்டைவிட்டது இங்கேதான்).

அப்புறம், ஹன்னிபாலிடம் ஆள்பலம் அதிகம் என்று நினைத்துப் பெரிய படை கொடுத்துவிடாதீர்கள். குதிரைப்படையில்தான் அவர் கை ஓங்கியிருந்தது, மொத்த எண்ணிக்கையில் ரோமர்களே அதிகம்.