வாக்குத்தத்த அட்டையும் எரேமியாவின் கடிதமும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வேத வசனம் ஒன்று எழுதிய அட்டை) "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் எரேமியா 29:11 வந்தது. இந்த ஆண்டே என் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் என்பதே இதன் பொருள் என்று ஜெபக்குழுவில் உறுதியாகச் சொன்னார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. என் விசுவாசம் குறைவானதா? ஒரு நம்பிக்கை வேதத்தின்படியானதுதானா என்பதை எப்படி அறிவது?
– ஒரு சகோதரி, காரைக்குடி

பதில்: விசுவாசக் குறைவால்தான் வேலை தள்ளிப்போகிறது என்று உங்களிடம் சொல்ல வேதத்தில் யாருக்கும் ஆதாரம் இல்லை. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே வந்தது (2 கொரிந்தியர் 12:7-9). அவரை விசுவாசம் குறைந்தவர் என்று சொல்ல நாம் துணியமாட்டோம்.

இனி அந்த வசனத்துக்கு வருவோம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து எழுதி, எலாசா, கெமரியா என்னும் இருவர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் அது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நிறைந்த நம் செட்டிநாட்டில், அப்படிப்பட்ட ஒரு கடிதத்தை எத்தனை ஆவலோடு பிரித்திருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி ஜனங்களுக்கு முன்பாக முழங்கி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தான். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்றது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காகவே விண்ணப்பம்பண்ணுங்கள் என்றது. இவ்வளவும் சொன்ன பிறகே, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி வருகிறது. அதைக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே பாபிலோனில் கண்மூடியிருப்பார்கள். ஆகவே, இந்த ஆண்டுக்குள் இன்ன காரியம் நடக்கும் என்பதற்கு இவ்வசனத்தைச் சான்றாகக் காட்டுவது, எரேமியாவின் வார்த்தையை எடுத்து அனனியாவின் வாயில் வைப்பதாகும் என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் அது நமக்குரியதல்ல என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக, பொறுமையும் ஆறுதலும் உண்டாகும்படி எழுதப்பட்டன என்கிறது ரோமர் 15:4. தம் ஜனங்கள் விரும்பாத இடத்தில் விரும்பாத காலம்வரை காத்திருக்கும்போதும் அவர்களைக் குறித்துத் தேவன் தீமை நினைப்பதில்லை என்பதை அக்கடிதத்திலிருந்து நீங்கள் தாராளமாகப் பற்றிக்கொள்ளலாம். வேலை வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஆறுதல் நிற்கும்.

எந்த நம்பிக்கையையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். வேதத்தின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடுங்கள். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் ஆராய்ந்தார்கள். அதற்காக வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது (அப்போஸ்தலர் 17:11). போதகர் சொன்னாலும், ஜெபக்குழு சொன்னாலும், நான் இங்கே எழுதினாலும் அப்படியே ஆராயுங்கள்.

கேள்வி: புது வீட்டுக்கு ராகு காலம் கழித்துத்தான் நிலை வைக்க வேண்டும் என்கிறார் கொத்தனார். "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்னும் கலாத்தியர் 4:10-ஐக் காட்டி, அது கூடாது என்கிறார் எங்கள் உபதேசியார். எது சரி?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: உபதேசியாரின் முடிவு சரி, காட்டிய வசனம் அவ்வளவு பொருத்தமில்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்தின் பண்டிகை நாட்களைக் கைக்கொள்ளும்படி கலாத்தியர் நெருக்கப்பட்டதைக் குறித்தே பவுல் அங்கே எழுதுகிறார். நம் பக்கத்து வாதத்துக்கு உதவுகிறது என்பதற்காக வசனத்தை இடம் மாற்றி வைக்கலாகாது. "நாள்பார்க்கிறவனும்" உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்னும் உபாகமம் 18:10, "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்னும் சங்கீதம் 31:15 ஆகியவையே இதற்கு நேரான ஆதாரங்கள்.

கொத்தனார் சொல்லும் நேரம் வேலைக்கு வசதியாக இருந்தால், அதில் வைப்பதால் தீட்டு ஒன்றும் வந்துவிடாது. ஆனால் அந்த நேரத்தில் வைத்தால்தான் வீடு விளங்கும் என்று அவர் சொல்லிவிட்டால் நிலைமை வேறு. விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் அறிவித்தால், அறிவித்தவனுடைய மனச்சாட்சிக்காக அதைப் புசியாதிருங்கள் என்று 1 கொரிந்தியர் 10:28 சொல்லும் முறையே இங்கும் பொருந்தும். உங்களுக்கு ஏற்ற வேறொரு நேரத்தைப் பணிவாகச் சொல்லுங்கள். ஜெபித்து நிலை வையுங்கள். அன்று கொத்தனாருக்குக் கொடுக்கும் வேட்டி துண்டிலும் கூலியிலும் எதையும் குறைக்காதீர்கள்.