கணவாய் 3 மீட்டர் இறங்கியது எப்படி?

கேள்வி: பழைய புத்தகக் கட்டு ஒன்றில் சுவிட்சர்லாந்து வரைபடம் கிடைத்தது. கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய்ப் பகுதி, சீக்ஃபிரைடு வரிசை (சுவிட்சர்லாந்தின் பழைய அரசு வரைபடத் தொகுப்பு), 1:50,000 அளவு. அதிலுள்ள உயரங்கள் இன்றைய வரைபடத்தைவிட 3 மீட்டர் போலக் கூடுதலாக இருக்கின்றன. மலை தேய்ந்துவிட்டதா, இல்லை அன்றைக்குத் தப்பாக அளந்துவிட்டார்களா?

பதில்: மலை தேயவும் இல்லை, அளந்தவர்கள் கோட்டைவிடவும் இல்லை. தொடங்கிய இடத்தின் கணக்குதான் பிறகு மாறியது. சுவிட்சர்லாந்துக்குக் கடற்கரை கிடையாது. அதனால் ஜெனீவா ஏரியில் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் நித்தோன் பாறையை அடிப்படையாக வைத்து மற்ற உயரங்களைக் கணக்கிட்டார்கள். அந்தப் பாறை கடல் மட்டத்திலிருந்து 376.86 மீட்டர் என்பது பழைய கணக்கு. 1902-இல் திரும்பக் கணக்கிட்டபோது அது 373.6 மீட்டர் என்று ஆனது. பாறை 3.26 மீட்டர் இறங்கியதும் (காகிதத்தில்தான்!) நாடு முழுக்க எல்லா மலையும் கூடவே இறங்கிவிட்டது. இன்று இந்தக் கணவாய்க்கு 2,469 மீட்டர் என்று போடுகிறார்கள்.

ஆகவே உங்கள் தாளிலுள்ள எண்ணில் 3.26-ஐக் கழித்துப் பாருங்கள். அப்புறமும் பெரிய வித்தியாசம் இருந்தால், அந்த இடத்தில் சம உயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) என்ன நிறம் என்று பாருங்கள். இந்த வரிசையில் மண்மேல் போகும் சம உயரக்கோடு பழுப்பு, பாறைமேல் கறுப்பு, பனியாறுமேல் நீலம். நீலக் கோட்டில் நிறைய மீட்டர் இடித்தால், அது கணக்கால் வந்ததாக இருக்காது, பனியே உருகி இறங்கியிருக்கும். எனக்கு அந்தத் தாளில் பார்க்க ஆசையாக இருப்பது அந்த நீலப் பகுதிகளைத்தான்.

கேள்வி: பெயரே போடாத கணவாயை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு பக்கம் உயரம் ஏறிக்கொண்டே போகும், மற்ற இரண்டு பக்கம் இறங்கும், நடுவில் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் இடுப்பு மாதிரி ஒடுங்கி நிற்கும். குதிரைச் சேணத்தை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓடைகள் முதுகைக் காட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: மடிப்பில் கிழிந்திருக்கிறது, செல்லோடேப் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. மெல்லிய ஜப்பானியக் காகிதமும் மாவுப் பசையும் போதும், அதையும் பின்பக்கமாக ஒட்டுங்கள்.