வெள்ளைத் திட்டும் தொடக்கச் சொத்தையும்: ரெசின் ஊடுருவல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பல் கிளிப் கழற்றி ஒரு மாசம் ஆச்சு. கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையா இருக்கு. டிரில் பண்ணாமலே இதைப் போக்கலாம்னு சொல்றாங்க. உடனே செஞ்சுக்கலாமா டாக்டர்?

பதில்: போக்கலாம், ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். ஃப்ளூரைடு பேஸ்டால் தினமும் இருமுறை நன்றாகத் துலக்கினாலே சில திட்டுகள் தானாக மங்கும். மங்காமல் நிற்பவற்றுக்குத்தான் ரெசின், அதாவது திட்டுக்குள் ஊறி ஒளி பட்டதும் இறுகும் பிசின் திரவம். அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப் போடவும் வேண்டாம். மேற்பரப்பு இறுகிவிட்டால் உள்ளே வெள்ளை அப்படியே நிற்கும், ரெசின் நுழைய வழி இருக்காது. ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: பெயின்ட் மாதிரி மேலே பூசி மறைக்கிறதா, இல்லை உள்ளே போகுதா?

பதில்: உள்ளே போகிறது. அமிலம் அரித்த எனாமலில், அதாவது பல்லின் கடினமான வெளி அடுக்கில், தாது கரைந்து நுண்துளைகள் விழுந்திருக்கும். நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) சுமார் 1.62. துளையில் இருக்கும் நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வித்தியாசத்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. பல் காய்ந்தால் திட்டு இன்னும் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான். ரெசினின் எண் சுமார் 1.5. அது துளைகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து, எண்ணெய் பட்ட காகிதம்போல அந்த இடம் சுற்றியுள்ள பல்லோடு கலந்துவிடும். அமிலம் உள்ளே போகும் வழியும் அடைபடும். அதனால் அரிப்பு பரவுவது தடைபடுகிறது.

கேள்வி: பல் மருத்துவ மாணவன் நான். முன்பல்லில் செய்யும்போது நேரக் கணக்கோடு வரிசை சொல்லுங்கள் சார். எச்சிங்குக்கு (பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் அரிக்க) வழக்கமான பாஸ்பாரிக் அமிலம் போதாதா?

பதில்: போதாது. திட்டின் மேலே தாது செறிந்த மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம் அதைச் சரியாக எடுக்காது. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல் 2 நிமிடத்தில் ஏறத்தாழ 30 முதல் 40 மைக்ரான் எடுத்துவிடும்.

பல்லைச் சுத்தம் செய்து ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு ஈறை மூடும் ரப்பர் விரிப்பு) போடுங்கள். இந்த அமிலம் ஈறைச் சுட்டுவிடும் என்பதால் பஞ்சுருளையை நம்ப வேண்டாம். ஜெல்லைத் திட்டின் ஓரத்தைத் தாண்டிச் சற்றே பரப்பி, 2 நிமிடம் வைத்திருந்து, 30 விநாடி கழுவி உலர்த்துங்கள். அடுத்து எத்தனால், 30 விநாடி. இங்கே நின்று கவனிக்க வேண்டும். எத்தனால் ஈரத்தில் வெள்ளை மங்கினால் துளைகள் திறந்துவிட்டன, மேலே போகலாம். அப்படியே நின்றால் மறுபடி எச்சிங். மொத்தம் மூன்று முறை வரை செய்யலாம்.

எத்தனாலை நன்றாக உலர்த்திவிட்டு ரெசினை விட்டு 3 நிமிடம் காத்திருங்கள். மிச்சத்தைப் பஞ்சாலும் ஃப்ளாஸாலும் (பல்லிடுக்கு நூல்) எடுத்துவிட்டு, ரெசின் இறுக 40 விநாடி லைட் அடியுங்கள். இறுகும்போது ரெசின் சுருங்குவதால் இரண்டாம் முறையும் விட வேண்டும்: 1 நிமிடம், மறுபடி 40 விநாடி லைட். கடைசியில் பாலிஷ்.

கேள்வி: இதே வரிசையில்தான் செய்தோம். பாதி திட்டு அப்படியே நிற்கிறது. எங்கே தவறியிருக்கும்?

பதில்: பெரும்பாலும் எத்தனால் சோதனையை அவசரமாகக் கடந்திருப்பீர்கள். அடுத்த சந்தேகம் ஈரம். துளி எச்சில் கசிந்தாலும் ரெசின் நுழையாது. 3 நிமிடம் காத்திருக்கும்போது நாற்காலி விளக்கு பல்லின் மேலேயே எரிந்ததா என்றும் பாருங்கள். அந்த வெளிச்சத்திலேயே ரெசின் இறுகத் தொடங்கிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் திட்டு நின்றால், அது ஆழமான ஃப்ளூரோசிஸாகவோ (ஃப்ளூரைடு மிகுதியால் வரும் திட்டு) பிறவிக் குறையாகவோ இருக்கலாம். முழுதாக மறையும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது நல்லது.

கேள்வி: முன்பல் இல்லை, ரெண்டு கடைவாய்ப்பல்லுக்கு நடுவுல எக்ஸ்ரேல நிழல் தெரியுதாம். அடைக்கணுமா, இதைச் செய்யலாமா?

பதில்: நிழல் எனாமலுக்குள்ளோ, அதற்கு அடியில் உள்ள டென்டின் அடுக்கின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்குக்குள்ளோ இருந்து, மேற்பரப்பு உடையாமல் இருந்தால் இதைச் செய்யலாம். குழி விழுந்திருந்தால் ரெசின் அதை நிரப்பாது, அடைக்கத்தான் வேண்டும். ஆப்பு வைத்துப் பற்களைச் சற்றே விலக்கி, ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நடுவில் நுழைத்துச் செய்வார்கள். விலக்கும்போது கொஞ்சம் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்.

ஒன்று முக்கியம்: இந்த ரெசின் எக்ஸ்ரேயில் தெரியாது. சிகிச்சைக்குப் பிறகும் நிழல் அப்படியே இருக்கும். எந்தப் பல், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்து பார்க்கும் மருத்துவர் புதுச் சொத்தை என்று நினைத்துத் தோண்டிவிடுவார். பழைய படத்தோடு ஒப்பிட்டு நிழல் பெரிதாகவில்லை என்று பார்ப்பதுதான் சரியான கண்காணிப்பு.

கேள்வி: பல்லை வெளுக்கவும் ஆசை. எதை முதல்ல செய்யணும் மேடம்?

பதில்: வெளுப்பதை முதலில். ஆனால் முடித்த கையோடு ரெசின் வேண்டாம். பல்லில் தங்கிய ஆக்சிஜன் அது இறுகுவதைக் கெடுக்கும். குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: ஊசி போடுவாங்களா?

பதில்: பொதுவாகத் தேவைப்படாது.

கேள்வி: என் மகளுக்கு 7 வயசு. புதுசா முளைச்ச கடைவாய்ப்பல் மஞ்சள் பழுப்பா இருக்கு, ஓரம் உதிருது. இது சரிவருமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பல் உருவாகும்போதே தாது குறைந்துபோன எனாமல் போலிருக்கிறது. அதில் ரெசின் எவ்வளவு ஆழம் நுழையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உதிரத் தொடங்கிய இடத்தில் இதை நம்பிக் காத்திருப்பது காலவிரயம். ஃப்ளூரைடு வார்னிஷ், கண்ணாடி அயனோமர் (பல்லில் ஒட்டும் ஒருவகைச் சிமென்ட்) பூச்சு, உடைந்தது அதிகமானால் பல்லின் மேல் உறை என்ற வழியில் குழந்தைப் பல் மருத்துவர் முடிவெடுப்பார். குளிர்ந்தது பட்டால் கூச்சம் என்று மகள் சொன்னால், துலக்க மறுத்தால், சந்திப்பை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.