துபாயிலிருந்து கோவைக்குத் திரும்பினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: துபாயில் வேலைக்கு வந்து முழுதாக ஏழு வருடம் முடிந்தது. சம்பளம் மாதம் 14,000 திர்ஹாம், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 7,000. வீட்டு வாடகை 4,600, மகளின் பள்ளி 1,500, மளிகை 2,200, கார் 1,300, கரண்ட்-தண்ணீர்-போன் 900 போக 3,500 மிஞ்சுகிறது. மகளுக்கு 6 வயது. மகன் இங்கேயே பிறந்தவன், 2 வயது. கோவையில் ஆண்டுக்கு 15 லட்சம் சிடிசியில் (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு திரும்பலாமா?

பதில்: ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்து 14,000-ஐப் பெருக்கினால் 3,36,000 வரும். அந்தத் தொகையைக் கோவைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் யாருக்கும் மனம் வராது. இரண்டு ஊரிலும் மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

உங்கள் 3,500-இல் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. வருடாவருடம் ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டும் பெட்டி நிறைய வாங்கிவரும் சாமான்களும் குறைந்தது 6,000 திர்ஹாம் ஆகும், மாதத்துக்கு 500. ஆக உண்மையான மிச்சம் 3,000 திர்ஹாம், அதாவது 72,000 ரூபாய்.

கோவைக் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. 15 லட்சம் சிடிசி என்பது மாதம் 1,25,000 ஆகாது. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) அதற்குள் அடக்கம். பேசிக் பாதி என்று வைத்து, உங்கள் பி.எஃப். பங்கு 7,500, புதிய வரி முறையில் வருமான வரி சுமார் 6,500 கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ ஒரு லட்சம். 'வேரியபிள் பே' (வேலைத்திறனைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் பகுதி) இருந்தால் இன்னும் குறையும். ஆஃபர் லெட்டரில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வாடகை 22,000, பள்ளியும் வேனும் 10,000, மளிகை 20,000, பெட்ரோல் 7,000, கரண்ட்-கேஸ்-போன் 4,500, மருத்துவக் காப்பீடு 2,500 என்று கொண்டால் 34,000 மிஞ்சும். பி.எஃப். இரு பங்கும் சேர்ந்து 15,000. மொத்தம் 49,000.

துபாயைவிட மாதம் 23,000 குறைவு. ஆனால் பெற்றோர் வீட்டிலோ சொந்த வீட்டிலோ இருந்தால் வாடகை 22,000 அப்படியே மிஞ்சி, 71,000 ஆகிவிடும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட சமம். உங்கள் கேள்விக்கான விடை சம்பளத்தைவிட வீட்டில்தான் இருக்கிறது. கூட்டாக இருக்க முடியுமா என்பதை மனைவியோடும் பெற்றோரோடும் வெளிப்படையாகப் பேசி முடிவெடுத்த பிறகே ராஜினாமா கொடுங்கள்.

அடுத்து, ஒரே தடவை வரும் செலவுகள். அமீரகச் சட்டப்படி கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்குமேல் 30 நாள். கணக்கு பேசிக்கில் மட்டுமே. உங்களுக்கு 165 நாள், 38,500 திர்ஹாம், சுமார் 9.24 லட்சம் ரூபாய். முழுச் சம்பளத்தில் கணக்குப் போட்டு 77,000 வருமென்று நம்பி, கடைசி நாளில் திகைப்பவர்கள் நிறைய. இதிலிருந்து வீட்டு அட்வான்ஸ் 1.5 லட்சம், ஃபிரிட்ஜ்-வாஷிங் மெஷின்-கட்டில் 2.5 லட்சம், பள்ளிச் சேர்க்கை 75,000, கார்கோவும் டிக்கெட்டும் 1.25 லட்சம், சம்பளமில்லாத ஒரு மாதம் 70,000 என 6.7 லட்சம் போய்விடும். வந்ததும் கார் வாங்கினால் சேமிப்பில் கை வைக்க வேண்டிவரும். முதல் ஆறு மாதம் டூவீலர் போதும்.

வாடகை ஒப்பந்தம் முடியுமுன் வீட்டைக் காலி செய்தால் இரண்டு மாத வாடகை அபராதம் என்பது அங்கே சகஜம். அது மட்டும் 2.2 லட்சம் ரூபாய். எனவே ஒப்பந்தம் முடியும் தேதி, பள்ளி முடியும் மார்ச், உங்கள் நோட்டீஸ் காலம் மூன்றையும் ஒரே காலண்டரில் குறித்துவிட்டு, அதற்கேற்பப் புறப்படும் தேதியைப் பின்னோக்கி வகுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கொடுத்ததில் மீதமுள்ள வாடகைக் காசோலைகளைக் கையோடு திரும்ப வாங்குங்கள். கார் லோனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால் வங்கி உங்கள் கடைசி செட்டில்மென்ட்டை நிறுத்திவைக்கலாம். முன்பே அடைத்து, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. முந்தைய ஏழு நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த நாள்கள் 729-க்கு மிகாவிட்டால் 'ஆர்.என்.ஓ.ஆர்.' என்ற, வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கான இடைநிலை கிடைக்கும். வருடம் ஒரு மாத விடுமுறைக்கு மட்டும் வந்துபோயிருந்தால், உங்களுக்கு இது இரண்டு ஆண்டு வரை நீடிக்கும். அதுவரை வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் என்.ஆர்.ஈ. டெபாசிட் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் ரூபாயில் வைப்பது) வட்டிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நிரந்தரமாக வந்திறங்கியதுமே அதற்கு வரி உண்டு, வங்கிக்கும் தெரிவித்துக் கணக்கை மாற்ற வேண்டும். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை (அதே போல வெளிநாட்டுப் பணத்தில் வைப்பது) முதிர்வு வரை வைத்திருக்கலாம், ஆர்.என்.ஓ.ஆர். உள்ளவரை அதன் வட்டிக்கு வரி இல்லை. கிராஜுவிட்டியை முதலில் துபாய் கணக்கில் வரவு வைத்துப் பிறகு ஊருக்கு அனுப்புங்கள். முதல் வரவே இந்தியாவில் விழுந்தால் வரிக் கேள்வி எழும்.

மருத்துவக் காப்பீட்டைப் புறப்படுமுன்பே, முடிந்தால் ஒரு வருடம் முந்தியே இந்தியாவில் எடுத்துவிடுங்கள். புதிய பாலிசியில் முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் பணம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். கம்பெனி தரும் காப்பீட்டை மட்டும் நம்பினால் வேலை மாறும் மாதத்தில் குழந்தைகளுக்குக் காப்பே இருக்காது.

மகளின் டி.சி.க்கு துபாய் கல்வி ஆணையமான கே.எச்.டி.ஏ.வின் சான்றொப்பம், மகனின் பிறப்புச் சான்றுக்கு அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிந்த பிறப்புப் பதிவின் அசல்: இவை மூன்றும் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு வாங்குவது பெரும்பாடு. விசா ரத்தில் குடும்பத்தினருடையதை முதலில், உங்களுடையதைக் கடைசியில் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். மகள் அங்கே இரண்டாம் மொழியாக இந்தி எடுத்திருந்தால், இன்றிலிருந்தே தினம் அரை மணி நேரம் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுத வையுங்கள்.