இலவசமாகக் கொடுத்தாலும் நிபந்தனை நிபந்தனைதான்: ஓப்பன் சோர்ஸ் வழக்குகள் பற்றி ஒரு கேள்வி பதில்

ஒன்பது வருஷம் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டுச் சட்டம் படித்தேன். இப்போது பாளையங்கோட்டை கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். போன மாதம் நம் ஊர் டெவலப்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், ஓப்பன் சோர்ஸ் (புரோகிராமின் மூல வரிகளான சோர்ஸ் கோடையே எல்லோருக்கும் திறந்து கொடுக்கும் சாஃப்ட்வேர்) பற்றி 2008-ல் அமெரிக்காவில் வந்த ஜேக்கப்சன் எதிர் காட்ஸர் தீர்ப்பைப் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மேலப்பாளையம், டெவலப்பர்): அக்கா, ரூபாயை எண்ணில் கொடுத்தால் தமிழ் எழுத்தில் மாற்றித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி, நாலு வருஷம் முன்பு ஜிபிஎல் லைசென்ஸில் (யாரும் எடுக்கலாம், மாற்றலாம், ஆனால் வெளியிட்டால் சோர்ஸ் கோடையும் அதே லைசென்ஸில் தர வேண்டும் என்பது) போட்டேன். போன வாரம் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் சாமான் வாங்கினால், பில்லின் அடியில் 'ஆயிரத்துத் தொன்னூறு ரூபாய் மட்டும்' என்று வருகிறது. தொண்ணூறில் மூணு சுழி போட வேண்டிய இடத்தில் ரெண்டு சுழி போட்டது நான்தான். பிறகு திருத்திவிட்டேன். அந்தப் பழைய பிழை அவர்கள் பில்லில் அப்படியே இருக்கிறது. சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனியைக் கேட்டால், 'சும்மா போட்டதுதானே, அப்புறம் என்ன உரிமை' என்கிறார்கள்.

பதில்: தம்பி, முதலில் அந்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தெர்மல் பேப்பர் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும், பர்சில் வைத்தால் இன்னும் சீக்கிரம். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், போட்டோவும் எடுங்கள். சரியான வரிகள் ஒத்துப்போனால் 'நாங்களே எழுதினோம்' என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒரே பிழை இரண்டு இடத்திலும் இருந்தால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். காப்பிரைட் வழக்குகளில் பிழைகள் நல்ல சாட்சி.

'சும்மா போட்டதுதானே' என்ற அதே வாதத்தைத்தான் அந்த அமெரிக்க வழக்கில் எதிர்த்தரப்பான காட்ஸரும் எடுத்தார். ராபர்ட் ஜேக்கப்சன் கலிபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர். வீட்டில் ஓட்டும் மாடல் ரயில்களைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க, ஜேஎம்ஆர்ஐ என்ற சாஃப்ட்வேரைப் பலரோடு சேர்ந்து உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். பொம்மை எஞ்சினுக்குள் டிகோடர் என்று ஒரு சிப் இருக்கும். அதில் எந்த எண்ணை மாற்றினால் வேகம் மாறும், எதை மாற்றினால் விளக்கு எரியும் என்று ஒவ்வொரு கம்பெனி சிப்புக்கும் பொறுமையாகக் கண்டுபிடித்து எழுதிய கோப்புகள் அதில் இருந்தன. காட்ஸரின் கம்பெனி அந்தக் கோப்புகளை எடுத்துத் தன் சாஃப்ட்வேரில் போட்டு விற்றது. எழுதியவர்கள் பெயர் இல்லை, காப்பிரைட் அறிவிப்பு இல்லை, எங்கிருந்து எடுத்தது, எதை மாற்றியது என்ற குறிப்பும் இல்லை. ஜேக்கப்சனின் லைசென்ஸ் இவை எல்லாம் இருக்க வேண்டும் என்றது.

2007-ல் கீழ்க்கோர்ட் தடை உத்தரவு தர மறுத்தது. லைசென்ஸை மீறியது வெறும் ஒப்பந்த மீறல்தான், காப்பிரைட் மீறல் இல்லை என்றது. ஓப்பன் சோர்ஸ்காரர்கள் பலருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. ஒப்பந்த மீறல் என்றால் 'உனக்கு எவ்வளவு நஷ்டம்' என்று கேட்பார்கள். பத்து பைசா வாங்காதவன் என்ன நஷ்டத்தைக் காட்டுவான்? 2008 ஆகஸ்ட் 13-ல் மேல்முறையீட்டு கோர்ட் அதை ரத்து செய்தது. லைசென்ஸில் இருந்த 'என்ற நிபந்தனைக்கு உட்பட்டு' என்ற பொருள் தரும் சொற்களைப் பிடித்துக்கொண்டது. நிபந்தனையை மீறினால் அனுமதியே இல்லை, அனுமதி இல்லாமல் நகலெடுத்தால் அது காப்பிரைட் மீறல். பணம் வாங்கவில்லை என்பதற்காக உரிமையாளருக்கு ஆதாயமே இல்லை என்று ஆகாது, பெயரும் பயனாளர்களும் திருத்தங்களும் திரும்பி வருவது ஆதாயம்தான் என்றது. கடைசியில் 2010-ல் சமரசம் ஆனது. காட்ஸர் தரப்பு ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

இந்தத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அமெரிக்காவில் இரண்டு கோர்ட் ஏறி வாங்கியது, நம் 1957 காப்பிரைட் சட்டத்தின் 51-வது பிரிவில் ஏற்கெனவே எழுதியே இருக்கிறது: உரிமையாளர் தந்த லைசென்ஸின் நிபந்தனைகளுக்கு மாறாக நடந்தாலும் மீறல்தான். லைசென்ஸ் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 30-வது பிரிவு சொல்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு கையெழுத்து கட்டாயமில்லை. நீங்கள் கோடோடு போட்டு வைத்த அந்த லைசென்ஸ் கோப்பு எழுத்துதான். காப்பிரைட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஒரு விஷயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, தொண்ணூறு என்ற எண்ணுப்பெயர்கள் யாருக்கும் சொந்தமில்லை. 'ஆயிரம்' எப்போது 'ஆயிரத்து' ஆகும், 'இருநூறு' எப்போது 'இருநூற்று' ஆகும் என்று நீங்கள் கோடில் அடுக்கிய விதம்தான் உங்களுடையது. 2007-ல் நம் சுப்ரீம் கோர்ட், சட்டத் தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய ஒரு வழக்கில், உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத் திறன் வேண்டும் என்று சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு இதைத்தான் எடுப்பார்கள். தயாராக இருங்கள்.

அடுத்து நோட்டீஸ். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு என்றால், முதல் தடவை மீறியவர் நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் சரிசெய்தால் அவருக்கு அனுமதி திரும்பிவிடும். அதனால் முதல் கடிதத்தில் பணம் கேட்காதீர்கள். 'என் பெயரைப் போடு, லைசென்ஸையும் கூடவே வை, சோர்ஸ் கோடைக் கொடு' என்று கேளுங்கள். மசியவில்லை என்றால் 62-வது பிரிவு இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் பாளையங்கோட்டைக்கு அவர்கள்தான் வர வேண்டும். வழக்கு மதிப்பு 3 லட்சத்துக்கு மேல் போய் வணிக வழக்காக ஆனால், அவசரத் தடை கேட்காத வரை முதலில் சமரச மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் பதிவுகளைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதை நோட்டீஸ் விடும்போதே தயார் செய்துவிடலாம், ஆபீஸுக்கு வாருங்கள்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை, மளிகைக் கடை): இப்படி ஒரு பில்லிங் சாஃப்ட்வேர்தான் நானும் வைத்திருக்கிறேன். நாளைக்கு என் கடைக்குப் போலீஸ் வருமா மேடம்?

பதில்: பயப்பட வேண்டாம் அண்ணாச்சி. தெரிந்தே திருட்டு நகலைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் 63பி பிரிவில் குறைந்தது 7 நாளிலிருந்து 3 வருஷம் வரை சிறை உண்டு. 'தெரிந்தே' என்பது அங்கே முக்கியமான சொல். அதோடு, விற்றவர் ஜிபிஎல்லை மீறினாலும், அவரிடம் வாங்கியவரின் உரிமை போகாது என்று அந்த லைசென்ஸே சொல்கிறது. வாங்கிய ரசீதை மட்டும் வைத்திருங்கள்.

கேள்வி (அபிஷேகப்பட்டி, பல்கலைக்கழக மாணவி): கூகுள், ஆரக்கிள் வழக்கில் கூகுள் காப்பியடித்தும் ஜெயித்ததே, அது எப்படி அக்கா?

பதில்: ஐந்தறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று உங்கள் ஆச்சியின் கைக்குத் தெரியும். வேறு ஒருவர் புதுப் பெட்டி செய்கிறார். கடுகு, சீரகம் எல்லாம் அவரே வாங்கிப் போடுகிறார், ஆனால் அறைகளின் வரிசையை மட்டும் பழைய பெட்டி மாதிரியே வைக்கிறார், ஆச்சி தடுமாறாமல் சமைக்க. கூகுள் ஆண்ட்ராய்டுக்காகச் செய்தது ஏறக்குறைய இதுதான். ஆரக்கிளுக்குச் சொந்தமான ஜாவாவின் அறிவிப்பு வரிகள் (எந்த வேலையை எந்தப் பெயரில் கூப்பிடுவது என்று சொல்பவை) சுமார் 11,500-ஐ அப்படியே எடுத்தது, அவற்றுக்குப் பின்னால் வேலை செய்யும் கோடைத் தானே எழுதியது. ஜாவாவின் அந்தப் பகுதியில் மொத்தம் உள்ள 28 லட்சத்து 60 ஆயிரம் வரிகளில், எடுத்தது 0.4 சதவீதம்.

வழக்கு 2010-ல் ஆரம்பித்தது. 2012-ல் விசாரணை நீதிபதி ஆல்சப், இந்த வரிசைக்குக் காப்பிரைட்டே கிடையாது என்றார். 2014-ல் மேல்கோர்ட் உண்டு என்றது. 2016-ல் ஜூரி 'நியாயமான பயன்பாடு' என்றது, 2018-ல் மேல்கோர்ட் அதையும் மாற்றியது. 2021 ஏப்ரல் 5-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு இரண்டு என்று கூகுள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது, அறிவிப்பு வரிகளுக்குக் காப்பிரைட் உண்டா என்ற கேள்விக்கு அந்த கோர்ட் பதிலே சொல்லவில்லை. இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் இந்தப் பயன்பாடு நியாயமானது என்று முடித்துவிட்டது. எனக்கு அது ஏமாற்றம்தான். பத்து வருஷம் கழித்து வந்தும் மூலக் கேள்வியைத் தொடவில்லையே.

நம் நாட்டில் அந்த அளவுக்கு விரிந்த 'நியாயமான பயன்பாடு' கிடையாது. 52-வது பிரிவில் சொன்ன விதிவிலக்குகள்தான். அதில் உங்களுக்கு உதவுவது: நீங்கள் முறையாக வைத்திருக்கும் ஒரு சாஃப்ட்வேரோடு, தனியாக எழுதிய உங்கள் சாஃப்ட்வேர் சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறு எங்கும் எளிதில் கிடைக்கவில்லை என்றால், அதைக் கண்டறியத் தேவையானதைச் செய்யலாம். புராஜெக்ட் செய்யும்போது இந்த எல்லைக்குள் நில்லுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்): ராத்திரி ஓய்வு நேரத்தில் நான் எழுதும் ஓப்பன் சோர்ஸ் கோடு எனக்குச் சொந்தமா, கம்பெனிக்கா?

பதில்: வேலையின் பகுதியாக எழுதியது கம்பெனிக்கு, 17-வது பிரிவு. ராத்திரி எழுதியதா பகலில் எழுதியதா என்பது முடிவு செய்யாது, அது உங்கள் வேலையோடு சேர்ந்ததா என்பதுதான் முடிவு செய்யும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இன்று எடுத்து முழுக்கப் படியுங்கள். 'பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே' என்று ஒரு ஷரத்து இருந்தால், எழுத்தில் அனுமதி வாங்கும் வரை எதையும் வெளியிடாதீர்கள். கம்பெனி லேப்டாப்பையும் தொடாதீர்கள். உரிமை இல்லாதவர் தந்த லைசென்ஸ் செல்லாது, அதை நம்பி எடுத்தவர்களும் சேர்ந்து மாட்டுவார்கள். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கேள்வி (நெல்லை டவுன், அச்சகம்): இலவச தமிழ் எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் காசு வாங்கலாமா?

பதில்: ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்த எழுத்துரு என்றால் தாராளமாக. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

கேள்வி (ஜங்ஷன், எலெக்ட்ரானிக்ஸ் வியாபாரம்): வெளியிலிருந்து டிவி பாக்ஸ், ரவுட்டர் வாங்கி எங்கள் பெயர் ஒட்டி விற்கிறோம். உள்ளே லினக்ஸ்தான். அதற்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: ஆமாம். லினக்ஸ் கர்னல் (பெட்டியை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. பெட்டியோடு அதைக் கொடுக்கிறவர் லைசென்ஸ் நகலும் கொடுக்க வேண்டும், சோர்ஸ் கோடு தர வேண்டும் அல்லது கேட்டால் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். 'செய்தவன் வேற ஆள்' என்பது பதில் ஆகாது. 2004-ல் ஜெர்மனியின் மியூனிக் கோர்ட், ரவுட்டர் விற்ற சைட்காம் கம்பெனிக்கு எதிராகத் தடை உத்தரவே போட்டது. வழக்குப் போட்டவர் ஹரால்ட் வெல்டே என்ற ஒரு தனி டெவலப்பர்.

பிரான்ஸில் நடந்தது இன்னும் அழுத்தமானது. ஆந்த்ருவேர் என்ற சின்னக் கூட்டுறவு நிறுவனம் 'லாசோ' என்று ஒரு சாஃப்ட்வேரை எழுதி ஜிபிஎல்லில் வெளியிட்டது. ஆரஞ்ச் என்ற பெரிய டெலிபோன் கம்பெனி அதை ஓர் அரசு இணையதள வேலையில் நிபந்தனைகளை மீறிப் பயன்படுத்தியது. வழக்கு 2011-ல் போட்டது. நடுவில் அங்கேயும் கோர்ட்டுகள் 'இது ஒப்பந்த விவகாரம்' என்று தள்ளின, காட்ஸர் வழக்கில் கீழ்க்கோர்ட் சொன்ன மாதிரியே. 2022-ல் உச்ச கோர்ட் அதைத் திருப்பி அனுப்பியது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு கோர்ட், பொருளாதார நஷ்டத்துக்கு 5 லட்சம் யூரோ, பணத்தில் கணக்கிட முடியாத பாதிப்புக்கு 1.5 லட்சம் யூரோ என்று தீர்ப்புச் சொன்னது. பதிமூணு வருஷம் அந்தச் சின்னக் கூட்டம் தாக்குப்பிடித்ததை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

உங்களுக்கு வேலை சின்னதுதான். சப்ளையரிடம் சோர்ஸ் கோடை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். தர மறுத்தால் அந்தச் சரக்கை எடுக்காதீர்கள்.

கேள்வி (பத்தமடை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): எங்கள் ஊர்ப் பாய் நெசவு வடிவங்களை வரைய என் பேத்தி ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறாள். அதற்குத் தமிழிலேயே லைசென்ஸ் எழுதலாமா அம்மா?

பதில்: எழுதலாம் ஐயா, தமிழில் எழுதிய லைசென்ஸும் சட்டப்படி லைசென்ஸ்தான். ஆனால் என் யோசனை: கோர்ட்டுகளில் பழகித் தேறிய ஜிபிஎல் மாதிரி ஒன்றை அதன் ஆங்கில மூலத்தோடு வையுங்கள், பாய் நெய்கிறவர்களும் படிக்கிற மாதிரி தமிழ்ச் சுருக்கத்தை மேலே போடுங்கள். எது அதிகாரபூர்வமானது என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சுருக்கம் எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். 'என் பெயரைப் போட்டால் நன்றாக இருக்கும்', 'தயவுசெய்து குறிப்பிடவும்' என்று மரியாதைக்கு எழுதிவிடாதீர்கள். அது வேண்டுகோள், வேண்டுகோளை மீறினால் வழக்கு இல்லை. ஜேக்கப்சன் ஜெயித்தது அந்த 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்ற சொற்களால்தான். பேத்தியிடம் இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'எழுதியவர் பெயரையும் இந்த அறிவிப்பையும் நீக்கக் கூடாது, மாற்றங்களைக் குறிப்பிட வேண்டும், வெளியிட்டால் சோர்ஸ் கோடையும் இதே லைசென்ஸில் தர வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இதை யாரும் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.' ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அவள் பெயர், வருஷம், லைசென்ஸ் பெயர் மூன்றும் இருக்கட்டும். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.