ஸ்காபரோவில் சின்னப்பிள்ளையோடு தனியே: எங்கே போய்ப் பழகுவது?

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து 2 மாதம், 14 மாதப் பிள்ளையோடு பகல் முழுக்க அபார்ட்மென்டுக்குள்ளேயே இருக்கிறேன், எங்கே போனால் நாலு பேரைப் பழகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. குளிர் தொடங்க முதல் எர்லிஆன் (EarlyON) நிலையமொன்றுக்கு, அதாவது சின்னப்பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து விளையாடிப் பழகும் இடத்துக்கு, போகத் தொடங்குங்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் காசில் நடப்பது. பிறந்த குழந்தையிலிருந்து 6 வயது வரை வரலாம், கட்டணம் இல்லை. ஆனால் இது டேகெயார் இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அம்மம்மாவோ அப்பாவோ கூட்டிவந்தாலும் சரி. பெற்றோர் ஒருவரையொருவர் பழகுவதே அப்படி இருக்க வைப்பதால்தான்.

உள்ளூர்ச் சேவைகள் பற்றித் தகவல் சொல்லும் 211 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து உங்கள் தபால் குறியீட்டைச் சொன்னால் பக்கத்தில் எது இருக்கிறது என்று சொல்வார்கள். ஒவ்வொரு நிலையத்தையும் வேறு வேறு அமைப்பு நடத்துவதால் நேரமும் வேறு. பள்ளிக்கூடத்துக்குள் இருப்பவை விடுமுறையில் பூட்டியிருக்கலாம், கேட்டுவிட்டுப் போங்கள். இடம் நிரம்பினால் காத்திருக்க வேண்டிவரும், தொடங்கும் நேரத்துக்கே நில்லுங்கள். உள்ளே போட வேறு சப்பாத்து கொண்டுபோங்கள். கச்சான் சேர்ந்த சாப்பாடு வேண்டாம்.

பலர் நாலைந்து தரம் போய்விட்டு "ஒருவரும் கதைக்கவில்லை" என்று நிற்பாட்டிவிடுகிறார்கள். காரணம் அநேகமாக ஒன்றுதான்: இன்றைக்கு ஓரிடம், அடுத்த கிழமை வேறிடம். யாருக்கும் உங்கள் முகம் பதியாது. ஒரே இடம், ஒரே நாள், ஒரே நேரம் என்று 6 கிழமையாவது போங்கள். இந்த நிலையங்களில் நினைத்த நேரம் வந்துபோகும் வகுப்பைவிட, பெயர் பதிந்து சில கிழமை தொடர்ந்து நடக்கும் வகுப்பு நல்லது, அதே ஆட்கள்தான் வருவார்கள். உங்கள் பிள்ளையின் வயதில் காலைத் தூக்கம் குறைந்து மத்தியானத் தூக்கம் மட்டுமாக மாறும். நித்திரை நேரத்தோடு மோதாத வகுப்பாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அழுகையை அடக்குவதிலேயே நேரம் போய்விடும்.

பாட்டுக்கு எல்லாரும் வட்டமாக இருக்கும் நேரத்தில் கதைக்க முடியாது. கதை வருவது அதற்கு முன்னும், முடிந்து ஜாக்கெட் போடும்போதும்தான். ஓடிவராமல் ஒரு பத்து நிமிடம் தாமதியுங்கள். "எத்தனை மாதம்? இரவில் நித்திரை கொள்கிறாவா?" இவ்வளவு ஆங்கிலம் காணும். அங்குள்ள ஆசிரியரிடம் "நான் புதுசு, இதே வயதுப் பிள்ளையின் அம்மா ஒருவரை அறிமுகப்படுத்துங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள். தமிழ் அம்மாக்கள் கிடைத்தால் சந்தோசம்தான், ஆனால் அவர்களோடு மட்டும் ஒதுங்கிவிடாதீர்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பிலிப்பினோ அம்மாவோடுதான் நாளைக்குப் பூங்காவுக்கு நடந்து போகலாம்.

போன் நம்பரை மூன்றாவது சந்திப்பிலேயே வாங்கிவிடுங்கள். இங்கே பிள்ளைப்பேற்று விடுப்பு பெரும்பாலும் 12 அல்லது 18 மாதம். அது முடிந்ததும் பலர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், பிறகு கிழமை நாட்களில் காணக் கிடையாது. சில நிலையங்களில் சனிக்கிழமையும் நடக்கும், வேலைக்குப் போகிறவர்களை அங்கே பிடிக்கலாம். உங்கள் கணவரையும் அன்றைக்குக் கூட்டிப்போங்கள், அவருக்கும் இங்கே ஆள் வேண்டும்.