எப்போதாவது சுட ஒரு ரிவால்வர்: எந்த போர் (குழலின் உள் அளவு), எவ்வளவு விலை, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (காட்பாடி): கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்துவிட்டது. வருடத்துக்கு நாலைந்து தடவை ரைபிள் கிளப்புக்குப் போய்ச் சுடுவேன், அவ்வளவுதான். வாங்குவதென்றால் பெரிய போராக வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். பழைய .357 மேக்னம் ஒன்று விலைக்கு வருகிறது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். .32 வாங்குங்கள் (இந்த எண்கள் குழல் அளவை அங்குலத்தில் சொல்பவை). எப்போதாவது சுடுகிறவருக்குச் செலவு துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில்தான் இருக்கிறது. முதலில் கடைக்காரரிடம் தோட்டா விலையையும் அது தடையில்லாமல் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். துப்பாக்கியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

.38, .455, 9 மி.மீ., .45 ஆகிய ராணுவ, போலீஸ் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட போர் வகை. கலெக்டர் தரும் சாதாரண உரிமத்தில் அவை வராது, மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும். .357 மேக்னம் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது, அதனால்தான் விற்பனைக்கு வருகிறது. ஆனால் 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கு முன் வந்த துப்பாக்கிகளே கைமாறி வருகின்றன, பல லட்சம் விலையில். உங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்குள் சொல்கிறார்கள் என்றால் ஏன் இவ்வளவு மலிவு என்று முதலில் விசாரியுங்கள். தோட்டாவும் வெளிநாட்டுச் சரக்குதான். கடையில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் துப்பாக்கி பீரோவில் தூங்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 6.3 கிராம், வினாடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகம். .357 மேக்னத்தில் 10 கிராம் குண்டு வினாடிக்கு 370 மீட்டரைத் தாண்டும். கிடைக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கையில் விழும் உதையும் காதில் விழும் வெடிச்சத்தமும் வெகுவாகக் கூடும். வருடத்தில் நாலைந்து நாள் மட்டும் சுடுகிறவருக்கு அந்த உதை பழகவே பழகாது. சுடுவதற்கு முன்பே கண் மூடும், மணிக்கட்டு கீழே அழுத்தும், குண்டு இலக்குக்குக் கீழே போகும். பத்து சுற்றில் கை களைத்துப் போகும். துப்பாக்கி சுடும் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை அனுமதி உண்டு. அங்கேயே பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது .32 லாங்தான். பெரிய போர் என்று அந்த விளையாட்டில் சொல்வதே இதைத்தான், ஆகவே .32-ஐச் சின்னது என்று யாரும் தாழ்த்தத் தேவையில்லை.

புதிதாக வாங்கினால் கான்பூர் தொழிற்சாலைகளில் தயாராகும் .32 ரிவால்வர்களைப் பாருங்கள். பழைய மாடல் பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் அமைப்பில் வரும். மேல் பூட்டை விடுவித்தால் குழல் முன்பக்கம் மடிந்து திறக்கும். 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' மாடலில் சிலிண்டர் (தோட்டா போடும் உருளை) பக்கவாட்டில் வெளியே வரும். கிளப்பில் சுட இதுவே வசதி. 2014-ல் வந்த 'நிர்பீக்' அரைக் கிலோ எடைதான், பையில் வைக்க நல்லது. சுட்டுப் பழகுவதற்கு இலேசான துப்பாக்கி உதவாது, அதே தோட்டா அதில் கூடுதலாக உதைக்கும். எடை கூடினதையும் குழல் நீண்டதையும் கேட்டு வாங்குங்கள். குழல் மேல் குறி பார்க்க உள்ள பின் முனையிலிருந்து முன் முனைக்கு உள்ள தூரம் கூடக்கூடக் குறி பிழைப்பது குறையும்.

விலையில் ஒரு கணக்கு. ரிவால்வருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். கையில் இருக்கும் ஒன்றரை லட்சத்தில் வரியும் அடங்க வேண்டும் என்றால் அடிப்படை விலை 1,07,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதிலேயே தோட்டாவுக்கும் சுத்தம் செய்யும் சாமானுக்கும் காது மூடிக்கும் ஒதுக்க வேண்டும். தடவைக்கு 25 தோட்டா என்று வைத்தால் வருடத்துக்கு நூறிலிருந்து 125 வரை ஆகும். உங்கள் உரிமத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். உங்கள் தேவை அதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.

உரிமத்தின் எல்லையையும் படியுங்கள். 'தமிழ்நாடு மட்டும்' என்று இருந்தால் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி தாண்டிச் சித்தூர் பக்கம் துப்பாக்கியோடு போவது குற்றம். காட்பாடிக்காரர்கள் சித்தூருக்கு அன்றாடம் போய் வருகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். மாந்தோப்பில் டப்பாவை நிறுத்திச் சுடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும் சுடுங்கள். கல்யாணம், திருவிழா என்று வானத்தை நோக்கிச் சுட்டால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி (குடியாத்தம்): உரிமம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் தன் பழைய வெளிநாட்டு .32 ரிவால்வரை விற்கிறார். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: பளபளப்பை நம்பாதீர்கள். மறுபடி நிக்கல் பூசிய துப்பாக்கியில் துருக்குழி மறைந்துவிடும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் கழற்றி மாட்டியிருக்கிறார்.

முதல் வேலை சட்ட வேலை. தனி ஆள் விற்பதானால், விற்பவர் கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். துப்பாக்கியில் உள்ள எண்ணும் அவர் உரிமத்தில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் பொருந்த வேண்டும். எண் சுரண்டியதுபோல இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சோதனையை உரிமம் பெற்ற கடையில், கடைக்காரர் முன்னிலையில் வையுங்கள். சிலிண்டரைத் திறந்து, தோட்டா உட்காரும் ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

எந்த .32 என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். நம்மூரில் கிடைப்பது .32 லாங், அதன் பித்தளைக் கூடு 23 மி.மீ. நீளம். பழைய ரிவால்வர்கள் சில .32 ஷார்ட்டுக்குச் செய்தவை, அதன் கூடு 15 மி.மீ.தான். அதில் லாங் தோட்டா நுழையாது. நுழைய வேண்டும் என்று யாராவது அறையைக் கடைந்து நீட்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம், பழைய இரும்பு அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. பிஸ்டலுக்கான .32 தோட்டா மூன்றாவது வகை. சில ரிவால்வரில் அது உட்காரும், ஆனாலும் சுடக் கூடாது, அதன் அழுத்தம் கூடுதல்.

அடுத்து குழல். எண்ணெய் போட்டுத் துடைத்து, மடிந்து திறக்கும் மாடலானால் வாய்ப்பக்கம் வெள்ளைக் காகிதத்தை வைத்து, பின்பக்கமிருந்து பாருங்கள்; சிலிண்டர் பக்கவாட்டில் வரும் மாடலானால், காலி என்று மறுபடி உறுதி செய்து, காகிதத்தைப் பின்பக்கம் வைத்து வாய்ப்பக்கமிருந்து பாருங்கள். உள்ளே வெட்டிய சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் வளையம்போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் உள்ளே வீங்கியிருக்கிறது. எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டிருக்கிறது. என்ன விலைக்கும் அது வேண்டாம்.

மெக்கானிக் கடையில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் ஒன்று எடுத்துப் போங்கள். சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் உள்ள இடைவெளி 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருந்தால் நல்லது. 0.25-ஐத் தாண்டினால் வாயு பக்கவாட்டில் வீணாகும், ஈயத் துகளும் தெறிக்கும். இதை இரண்டு தடவை அளக்க வேண்டும்: சிலிண்டரை முழுக்கப் பின்னால் தள்ளி ஒன்று, முழுக்க முன்னால் தள்ளி ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ. வந்தால் சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வொரு சுடலுக்கும் அது சம்மட்டிபோல இடித்துத் தேய்மானத்தைக் கூட்டும்.

சிலிண்டர் நேராக வந்து பூட்டுகிறதா என்பதுதான் உயிரான சோதனை. கட்டைவிரலால் சிலிண்டரை மிக லேசாகத் தடுத்துக்கொண்டு ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தி) மெதுவாக இழுங்கள். ஹேமர் முழுக்க நிற்கும் நேரத்துக்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஐந்து சரியாக இருந்து ஆறாவது பிசகுவது சாதாரணம். பூட்டாத அறையில் சுட்டால் குண்டு குழல் வாயிலின் ஓரத்தைச் சீவிக்கொண்டு நுழையும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் ஈயம் தெறிக்கும். சிலிண்டரைத் தள்ளும் சின்ன நகம் தேய்ந்ததால் பெரும்பாலும் இது வருகிறது. வெளிநாட்டுப் பழைய மாடலுக்கு அந்த நகம் உதிரியாகக் கிடைப்பது அரிது. லேத்தில் போட்டுச் செய்தால் சரியான பதம் ஏற்றாமல் சீக்கிரம் தேயும். அதோடு, துப்பாக்கியைப் பழுது பார்க்க அதற்கென உரிமம் வேண்டும், லேத் பட்டறையில் கொடுத்தால் உங்கள் மேலும் அவர் மேலும் வழக்கு வரும்.

பிறகு ஹேமரை முழுக்க இழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் பின்னாலிருந்து ஹேமரை அழுத்துங்கள். விழுந்தால் வாங்காதீர்கள், அது கைதவறி வெடிக்கும் துப்பாக்கி. மடிந்து திறக்கும் மாடலானால் பூட்டிய நிலையில் குழலை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் குறி எந்நாளும் நிலைக்காது. காலியாக ட்ரிகரை அடித்துப் பார்க்க வேண்டுமானால் மருந்தில்லாத பொய்த் தோட்டா போட்டு அடியுங்கள், பழைய ஊசிமுனை சட்டென ஒடியும்.

இவ்வளவும் தேறினால் விலை பேசலாம். தனி ஆளிடம் வாங்குவதில் ஜிஎஸ்டி சேராது என்பது உங்களுக்கு ஆதாயம்.

கேள்வி (ஆற்காடு): அப்பாவுக்கு வயது 72. முப்பது வருடமாக ஒரு .32 வைத்திருக்கிறார். அதையே நான் எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும், இருப்பதிலேயே குறைந்த செலவும் இதுதான். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு உரிமம் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. அப்பா உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். பின்னால் என்றால் எல்லா வாரிசுகளின் சம்மதமும் வேண்டியிருக்கும், அதுவரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். ஆற்காடு 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். மனுவை வேலூர் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து அலையாதீர்கள்.

கேள்வி (ஆம்பூர்): ஊரிலேயே நல்ல தோல் உறை தைத்து அதில் போட்டு வைத்தேன். ஆறே மாதத்தில் குழலில் துரு, தோட்டாவில் பச்சைக் களிம்பு. ஏன்?

பதில்: உறைதான் காரணம். பதனிடும்போது தோலில் ஏறிய உப்பும் அமிலமும் அதிலேயே தங்கும், காற்றின் ஈரத்தையும் தோல் இழுத்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டும் சேர்ந்து இரும்பையும் பித்தளையையும் அரிக்கின்றன. உறை எடுத்துப்போகும் நேரத்துக்கு மட்டும். வீட்டில் எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் போட்ட பெட்டியில், பூட்டுக்குள் வையுங்கள். தோட்டா வேறு பூட்டில். களிம்பைத் துடைத்த பிறகும் பித்தளையில் குழி தெரிந்தால் அந்தத் தோட்டாவைச் சுட வேண்டாம், கடையில் ஒப்படையுங்கள்.

சுட்ட அன்றைக்கே பித்தளை பிரஷ்ஷால் குழலையும் ஆறு அறையையும் தேயுங்கள். மறுநாளும் ஒரு முறை துணி விடுங்கள், முதல் நாள் வராத கரி அப்போது வரும். ஈயம் படிந்த கையோடு சாப்பிடக் கூடாது. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், வேலூரில் வாக்குப்பதிவு ரத்தாகிச் சில மாதம் கழித்து நடந்த 2019 போல அது மாதக்கணக்கில் இழுக்கலாம். கனமாக எண்ணெய் பூசி, காலியாகக் கொடுத்து, எண் எழுதிய ரசீதைக் கையோடு வாங்குங்கள்.

சுடும்போது 'டப்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று மெலிந்த சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். குண்டு குழலில் நிற்கிறது. சத்தமே வராவிட்டால் குழலை இலக்கை நோக்கியே முப்பது வினாடி வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும்.

கேள்வி (ஆலங்காயம்): நிலத்தில் காட்டுப்பன்றி தொல்லை. ரிவால்வர் வாங்கினால் உதவுமா?

பதில்: உதவாது. .32 குண்டு பன்றியைக் காயப்படுத்தி உங்கள் மேல் பாய வைக்கும். வனவிலங்குச் சட்டப்படி நீங்களாகச் சுடவும் முடியாது. சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். மலையில் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள், ஜாமீன் கிடைப்பதே சிரமம்.

கேள்வி (ராணிப்பேட்டை): உரிமம் இல்லை. சுட்டுப் பழக ஆசை மட்டும் இருக்கிறது.

பதில்: 4.5 மி.மீ. போர், 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. கடையில் அடையாள, முகவரிச் சான்று கேட்பார்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தொடக்கத்துக்கு ஸ்பிரிங் மாடல் போதும். இந்தியத் தயாரிப்புகள் கிடைக்கின்றன, பழுது பார்க்க உதிரிகளும் இங்கேயே வரும். போட்டி பிஸ்டல் வேண்டுமென்றால் அது வெளிநாட்டுப் பொருள், விலை ரிவால்வரை எட்டிவிடும். அதைக் கிளப்பில் வாடகைக்குச் சுட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

வீட்டுக்குள் பத்து மீட்டர் நீளம் கிடைத்தால் போதும். இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பின்னால் கனமான இரும்புத் தகட்டை மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாய்த்து நிறுத்தி, அடியில் மணல் தட்டு வையுங்கள். பெல்லட் (ஏர் பிஸ்டலின் சின்ன ஈயக் குண்டு) தகட்டில் பட்டு மணலில் விழும். தகட்டைச் செங்குத்தாக வைத்தால் அதே பெல்லட் உங்கள் பக்கம் திரும்பி வரும், ஆகவே கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம். அந்த இடத்துக்குப் பக்கவாட்டில் கதவு இருந்தால் உள்ளிருந்து தாழ் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.